மணமான பிள்ளைகளும் பெற்றோரின் காப்பீடும்

அமெரிக்காவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், மகளுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு தந்தையின் அலுவலக மருத்துவக் காப்பீட்டிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. இது ஊரிலிருந்து கூடவே வந்த எண்ணம் என்று நினைக்கிறேன். இந்தியாவில் மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஎச்எஸ் மருத்துவத் திட்டத்தில், திருமணமானதும் மகளின் உரிமை முடிந்துவிடுகிறது. அமெரிக்கச் சட்டம் அப்படியல்ல. ஒபாமாகேர் என்று எல்லோரும் அழைக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் காப்பீடு அவர்களுக்கு 26 வயது ஆகும்வரை இடம் கொடுத்தாக வேண்டும். மணமாகியிருந்தாலும், தனி வீட்டில் குடியிருந்தாலும், சொந்தமாகச் சம்பாதித்தாலும் அந்த இடம் பறிபோகாது.

ஆகவே, 23 வயதில் மணமுடித்து இன்னும் மேற்படிப்பில் இருக்கும் ஒரு பெண்ணை அவசரப்பட்டு நீக்குவது அவளுக்குச் செய்யும் அநீதி என்றே சொல்வேன். பிறகு மனம் மாறினாலும், பெரும்பாலும் அடுத்த ஓப்பன் என்ரோல்மென்ட், அதாவது ஆண்டுதோறும் காப்பீட்டில் சேரத் திறக்கும் காலம், வரும்வரை காத்திருக்க நேரும்.

ஆனால் அந்த உரிமை அவளோடு நின்றுவிடுகிறது. மருமகனுக்கோ, பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கோ இடம் கொடுக்க வேண்டிய கட்டாயம் காப்பீட்டுக்கு இல்லை. இதைவிட எனக்குக் கவலை தருவது பிரசவச் செலவு. பெரிய நிறுவனங்களின் பிளான்கள் ஊழியருக்கும் ஊழியரின் மனைவிக்கும் பிரசவச் செலவைத் தந்தாக வேண்டும்; ஊழியரின் மகளுக்குத் தர வேண்டும் என்ற கட்டாயம் கூட்டாட்சிச் சட்டத்தில் இல்லை. கர்ப்பகாலத்தின் வழக்கமான தடுப்புப் பரிசோதனைகளுக்குப் பணம் கேட்காத அதே பிளான், பிரசவத்துக்கும் அதை ஒட்டிய ஆஸ்பத்திரி நாட்களுக்கும் கைவிரித்துவிடலாம். குழந்தை பெறும் எண்ணம் உள்ள தம்பதியர் பிளான் ஆவணத்தில் இந்த ஒரு பகுதியையாவது முன்கூட்டியே படித்துவிட வேண்டும். திருமணத்தை ஒட்டிக் கிடைக்கும் அவகாசமும் குறுகியது: துணையின் அலுவலகக் காப்பீட்டில் சேரக் குறைந்தது 30 நாட்கள், தனிநபர்கள் காப்பீடு வாங்கும் அரசுச் சந்தையான மார்க்கெட்பிளேஸில் சேர 60 நாட்கள்.

இன்னொன்றும் உண்டு. மகள் மனநல ஆலோசகரிடம் போனாலும் மகப்பேறு மருத்துவரிடம் போனாலும், ‘இது பில் அல்ல’ என்று அச்சிட்ட கணக்குத் தாள் வழக்கமாகத் தந்தையின் பெயருக்கே வரும். தன் முகவரிக்கு அனுப்பும்படி அவள் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுதிக் கேட்கலாம். பெற்றோரும் அதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

திருமணம் குறுக்கே நிற்பது 26 வயதுக்குப் பிறகுதான். நம்மவர்கள் திரளாக வாழும் நியூஜெர்சியில், மாநிலச் சட்டத்துக்கு உட்பட்ட பிளான்களில் 31 வயது ஆகும்வரை பெற்றோரின் காப்பீட்டோடு தொடர வழி இருக்கிறது, ஆனால் மணமாகாதவராகவும் பிள்ளை இல்லாதவராகவும் இருந்தால் மட்டுமே. நியூயார்க்கிலும் 29 வயது முடியும்வரை இதே சலுகை மணமாகாதவர்களுக்கு மட்டும்தான். மணமுடித்தவருக்குத் துணையின் வழியாகக் காப்பீடு வந்துவிடும் என்ற கணிப்பில் எழுதப்பட்ட நிபந்தனையாகவே இது எனக்குத் தெரிகிறது. இருவருமே மாணவர்களாகவோ ஒப்பந்த வேலையிலோ இருந்தால் அவர்களுக்கு எந்தப் பக்கத்திலிருந்து காப்பீடு வரும்? கூட்டாட்சிச் சட்டம் 2010லேயே கைவிட்ட இந்த நிபந்தனையை மாநிலங்களும் நீக்க வேண்டும் என்று, அங்கே வாக்குரிமை பெற்றிருக்கும் நம்மவர்கள் தங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.