ஒரு திருகாணியை இறுக்குவதற்கு எட்டு மாதங்களா?

மட்டக்களப்புக் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள மூன்று தளக் கட்டடமொன்றின் கீழ்த்தளத்தில் நான் வாடகைக்குக் குடியிருக்கிறேன். மாலை ஆறரை மணிக்குப் பிறகு கிணற்று மோட்டாரைப் போட்டால், என் வீட்டு விளக்குகள் எண்ணெய் வற்றிய குப்பிவிளக்குப் போல மங்கிவிடும்; மின்விசிறியும் தளர்ந்துவிடும். அதே நேரத்தில் மேல்தளத்து விளக்குகள் வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரியும். சில நாட்களில் இது நடக்கவே நடக்காது. வாடைக்காற்று வீசும் இரவுகளிலோ தவறாமல் நடக்கும்.

இதை வீட்டுக்காரரிடம் சொன்னபோது, “கறண்ட் எண்டா அப்பிடித்தான் மனே, கூடும் குறையும்” என்றார். பிறகு, எட்டு மாதங்களுக்குள் மூன்று மின்வேலைக்காரர்கள் வந்து போனார்கள். முதலாமவர் எல்லா மின்குமிழ்களையும் மாற்றினார். இரண்டாமவர் மோட்டாரின் கப்பாசிட்டரை மாற்றினார். மூன்றாமவர் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் ஒன்றை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். மூவரும் வந்தது காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் விளக்குகள் ஒழுங்காகவே எரியும். மூவரும் கையில் கொண்டுவந்த அளவுகருவி சட்டைப்பையில் செருகிய டெஸ்டர் மாத்திரமே. அது எரிந்தால் மின்சாரம் இருக்கிறது என்பது தெரியுமே தவிர, எத்தனை வோல்ட் இருக்கிறது என்பது எப்படித் தெரியும்?

மோட்டார் தொடங்கும் கணத்தில் வழமையைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால் விளக்கு ஒரு நொடி மங்குவது இயல்புதான், அதை நானும் அறிவேன். ஆனால் மோட்டார் ஓடும் நேரம் முழுவதும் ஒரு தளம் மங்க, மற்றத் தளங்கள் பிரகாசிப்பதை மோட்டாரின் மீது போட முடியுமா? மேலே விளக்கு கூடுகிறது என்று நான் மூவரிடமும் சொன்னேன். ஒருவராவது அதைக் காதில் வாங்கவில்லை.

கடைசியில் நானே கெஞ்சி, இரவு ஏழு மணிக்கு மல்ற்றிமீற்றருடன் ஒரு பொடியனை வரவழைத்தேன். வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். அதில் நூற்றுக்கு ஆறு கூடலாம் அல்லது குறையலாம். மோட்டார் ஓடும்போது என் தளத்தில் 188 வோல்ட், மேல் இரண்டு தளங்களிலும் 250 வோல்ட்டுக்கு மேல். எண்களைப் பார்த்ததுமே அவன், “அண்ணன், நியூட்ரல் லூஸ்” என்றான். மூன்று பேஸும், அதாவது மின்சாரம் வரும் மூன்று கம்பிகளும், மூன்று தளங்களுக்குப் பிரிந்து செல்லும் கட்டடத்தில், மின்சாரம் திரும்பிச் செல்லும் பொதுவான நொதுமல் கம்பியின் (நியூட்ரல்) பிடி தளர்ந்தால், சுமை கூடிய தளத்தில் மின்னழுத்தம் இறங்கும், சுமை குறைந்த தளங்களில் ஏறும். பிரதான ஆளியை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தால், நொதுமல் கம்பிகளைப் பூட்டும் உலோகச் சட்டத்தின் திருகாணியொன்று உப்புக்காற்றில் அரித்து, சூடேறிக் கருகி, கம்பியின் உறையும் உருகிப்போயிருந்தது. கருகிய முனையை வெட்டி, புதிய சட்டத்தில் பூட்டி இறுக்க அவனுக்கு அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அது முற்றாகக் கழன்றிருந்தால் மேல்தளத்துப் பிள்ளைகளின் தொலைக்காட்சியும் குளிர்சாதனப்பெட்டியும் ஒரே இரவில் கருகியிருக்கும், நெருப்புக்கூடப் பிடித்திருக்கும்.

விளக்குகள் இப்போது அசையாமல் எரிகின்றன. ஸ்டெபிலைசர் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார், வீட்டுக்காரரோ அதன் விலையில் பாதியை என் வாடகையோடு சேர்த்துக் கேட்கிறார்.