தண்டவாளம் போனாலும் தடம் இருக்கட்டும்

அம்மாவை சைக்கிள் பயணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னதும் மாயவரத்திலிருந்து மாமா போன் செய்து திட்டினார். "அறுபத்திரெண்டு வயசு ஆச்சுடா அக்காவுக்கு. நூத்தம்பது கிலோமீட்டர் மிதிக்க வைப்பியா?" அம்மா போனை வாங்கி, "நான்தான்டா வரேன்னு சொன்னேன். ரயில் போன பாதையாம், பார்க்கணும்" என்றார். மாமா அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

மார்ச் கடைசியில் நான்கு நாட்களில் போய் வந்தோம். நியூசிலாந்தின் தெற்குத் தீவில், நான் வசிக்கும் டனீடனுக்கு மேற்கே, கிளைட் என்ற சிறு ஊரிலிருந்து மிடில்மார்ச் வரை 152 கிலோமீட்டர். ஒடாகோ சென்ட்ரல் ரெயில் ட்ரெயில் என்று பெயர். ரயில் நின்றுபோன பிறகு தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் எடுத்துவிட்டு, அதே தடத்தின் மேல் பொடி ஜல்லி பரப்பி சமன்படுத்தியிருக்கிறார்கள். கார், பைக்குக்கு அனுமதி இல்லை. சைக்கிளில் போகலாம், நடக்கலாம், குதிரையிலும் போகலாம். கட்டணம் எதுவும் கிடையாது.

வந்ததிலிருந்து ஒரே யோசனையாக இருக்கிறது. அதை எழுதிவிட்டால்தான் மனசு நிற்கும். ஒரு ரயில் பாதையை மூடவேண்டிய நிலை வந்தால், தண்டவாளத்தை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த நிலத்தைத் துண்டு துண்டாக விற்கக் கூடாது. விற்றுவிட்டால் பிறகு எந்தக் காசைக் கொட்டினாலும் அது ஒரே கோடாகத் திரும்பக் கிடைக்காது. இதை நான் ஏதோ கட்டுரையில் படித்துச் சொல்லவில்லை. நான்கு நாள் அந்தக் கோட்டின் மேலேயே போனதால் சொல்கிறேன்.

அந்தக் கோடு எப்படி உண்டானது என்று பாருங்கள். 1879இல் டனீடன் பக்கம் விங்கட்டூயில் வேலையைத் தொடங்கினார்கள். மிடில்மார்ச்சுக்கு வர 1891 ஆகிவிட்டது. ரான்ஃபர்லிக்கு 1898, கிளைட்டுக்கு 1907, கடைசி ஊரான குரோம்வெல்லுக்கு 1921. 236 கிலோமீட்டர் போட 42 ஆண்டுகள்! பாதையின் பல இடங்களில் ஷிஸ்ட் என்னும் அடுக்கடுக்கான பாறை. அதை வெட்டி, குடைந்து, அதே பாறையைச் செதுக்கிப் பாலங்களுக்குத் தூண் எழுப்பியிருக்கிறார்கள். தங்கத்துக்காக ஜனம் ஓடிவந்த பகுதி இது. ஆனால் ரயில் வந்து சேர்வதற்குள் தங்க வேட்டையின் சூடு தணிந்துவிட்டது. பிறகு ரயில் ஏற்றிப்போனது கம்பளி, ஆடுகள், பழங்கள். லாரிகள் வந்ததும் அதுவும் குறைந்தது. கடைசிக் காலத்தில் கிளைட் அணை கட்ட சாமான்கள் கொண்டுபோனதால்தான் தடம் உயிரோடு இருந்தது. அந்தத் தேவையும் தீர்ந்ததும், 1990 ஏப்ரல் 30ஆம் தேதி மிடில்மார்ச்சுக்கு மேற்கே உள்ள பாதையை மூடிவிட்டார்கள். தண்டவாளம் கழன்று போனது.

இந்த இடத்தில்தான் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். ஒருபக்கம் ஆட்டுப் பண்ணைகள், மறுபக்கமும் ஆட்டுப் பண்ணைகள். நடுவில் நீளமாக ஒரு சும்மா கிடக்கும் நிலம். பக்கத்துப் பண்ணைக்காரர்களில் சிலர் சைக்கிள் பாதை வேண்டாம் என்று எதிர்த்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மந்தை நடுவே முன்பின் தெரியாதவர்கள் புகுந்து போவார்கள், கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போவார்கள் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் 1993இல் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை அந்தத் தடத்தை முழுசாக எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே உள்ளூர்க்காரர்கள் ஓர் அறக்கட்டளை அமைத்துப் பணம் திரட்டத் தொடங்கினார்கள். பாலங்களுக்குப் பலகை போட்டு, கைப்பிடி வைத்து, 2000ஆம் ஆண்டில் முழுப் பாதையும் திறந்தாயிற்று. நடுவில் ஒரு மைல் நிலம் கைமாறிப் போயிருந்தால் இது நடந்திருக்குமா?

சரி, சைக்கிளுக்கு வருகிறேன்.

ரயில் பாதையில் மிதிப்பதற்கும் சாதாரண ரோட்டில் மிதிப்பதற்கும் உள்ள வித்தியாசம் முதல் அரை மணி நேரத்திலேயே காலுக்குத் தெரிந்துவிடும். ரோடு மேட்டைக் கண்டால் நேராக ஏறும். ரயிலால் முடியாது. நீராவி எஞ்சின் கனத்தை இழுக்கவேண்டும் என்பதற்காக, 50 மீட்டர் போனால் 1 மீட்டருக்குமேல் ஏறாதபடி இந்தப் பாதையைப் போட்டிருக்கிறார்கள். அதற்காக மலையைச் சுற்றி வளைகிறது, மேட்டை வெட்டிக்கொண்டு போகிறது, பள்ளத்தில் கரை கட்டிப் போகிறது. எஞ்சினுக்காகச் செய்த அந்த வேலையை இன்றைக்கு அனுபவிப்பது என் அம்மாவின் முழங்கால். அந்தப் பெயர் தெரியாத கூலித் தொழிலாளிகளை நான்கு நாளும் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டே போனேன்.

அம்மாவுக்கு இ-பைக், அதாவது மிதிக்க உதவும் பேட்டரி மோட்டார் வைத்த சைக்கிள், எடுத்திருந்தேன். இதைப் பற்றி சைக்கிள்காரர்களிடம் ஒரு சண்டை உண்டு. மோட்டார் வைத்த சைக்கிளில் போவது ஏமாற்று வேலை என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சில் துளியும் உடன்பாடில்லை. இ-பைக் இல்லையென்றால் அம்மா காரில் உட்கார்ந்து அடுத்த ஊரில் காத்திருப்பார், நான் மட்டும் போயிருப்பேன். சின்ன வயதில் தாத்தாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர், 40 ஆண்டுகளாக சைக்கிளைத் தொடாதவர், கிளைட்டில் ஏறி உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் எனக்கு முன்னால் போய்விட்டார். அலெக்சாண்ட்ரா பக்கம் பாறைகளுக்கிடையே காட்டு தைம் செடி மண்டிக் கிடக்கும். சக்கரம் பட்டு நசுங்கினால் வாசனை எழும்பும். "ஓமம் மாதிரி வாசனை வருதுடா" என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினார். உண்மைதான், ஓம வாசனைதான்.

இரண்டாம் நாள் பூல்பர்ன் பள்ளத்தாக்கு. மொத்தப் பாதையிலும் எனக்கு இதுதான் உயிர். இங்கே கார் ரோடு கிடையாது. அந்த நாளில் ரயிலில் போனவர்கள் பார்த்தார்கள், இப்போது நாம் பார்க்கிறோம். 37 மீட்டர் உயரத்தில் ஒரு பாலம், அதையொட்டி இரண்டு சுரங்கப் பாதைகள், ஒவ்வொன்றும் 200 மீட்டருக்குமேல் நீளம். உள்ளே போனதும் வெளிச்சம் போய்விடும், டார்ச் வேண்டும். இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனோம். ஈரமும் குளிருமாக இருந்தது. நடுவில் அம்மா நின்று, "ஊ..." என்று ரயில் மாதிரி கூவினார். சுரங்கம் திருப்பிக் கூவியது. அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

அம்மாவுக்குச் சொந்த ஊர் ஆக்கூர். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு மீட்டர் கேஜ் ரயில் ஓடியது, நம்மில் பலருக்கு மறந்திருக்கும். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகப் போகும். அந்த ரயிலில்தான் அம்மா மாயவரத்துக்குப் படிக்கப் போனார். 1986இல் நின்றுவிட்டது. அதை மறுபடி விடவேண்டும் என்று ஊர்க்காரர்கள் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சுரங்கத்தை விட்டு வெளியே வந்து தண்ணீர் குடிக்கும்போது அம்மா கேட்டார்: "நம்ம பாதைய மட்டும் ஏன் யாரும் இப்படிப் பார்த்துக்கல?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அங்கே சைக்கிள் பாதை போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த ஊர்களுக்கு ரயில்தான் வேண்டும், அது நியாயமான கோரிக்கை. ஆனால் ரயிலுக்கானாலும் சைக்கிளுக்கானாலும் முதலில் தடம் முழுசாக இருக்கவேண்டும். அமெரிக்காவில் 1983இலேயே இதற்குச் சட்டத்தில் வழி செய்துவிட்டார்கள். ஓட்டம் நின்ற ரயில் பாதையை விற்றுத் தீர்க்காமல் நடைபாதையாகவோ சைக்கிள் பாதையாகவோ வைத்திருக்கலாம், பின்னால் ரயில் தேவைப்பட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தில் எடின்பரோவிலிருந்து தெற்கே போன பாதையை 1969இல் மூடினார்கள், 2015இல் அதில் ஒரு பகுதிக்கு மறுபடி ரயில் விட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் தடத்தின் மேலேயே வீடுகள் வந்துவிட்டிருந்தன. அவற்றை வாங்கி இடித்துத்தான் ரயில் போகவேண்டியிருந்தது.

அந்த இரண்டாம் நாள் மதியம் ஓட்டுரேஹுவா என்ற ஊரில் நின்றோம். 1902இலிருந்து இருக்கும் ஒரு மளிகைக் கடை, அப்புறம் ஹேய்ஸ் பட்டறை. எர்னஸ்ட் ஹேய்ஸ் என்பவர் 1895இல் தொடங்கி, பண்ணைக்காரர்களுக்கு வேலிக்கம்பியை இழுத்துக்கட்டும் கருவியெல்லாம் செய்த இடம். கருவிகளை அவர் செய்தார், விற்றது அவர் மனைவி ஹன்னா. சைக்கிளில் பண்ணை பண்ணையாகப் போய் ஆர்டர் பிடித்திருக்கிறார்! அந்தக் காலத்து சைக்கிளில், கியர் இல்லாமல், இந்தக் காற்றில், இந்த மண் ரோடுகளில், நீளப் பாவாடையோடு. அம்மா அந்த வீட்டை விட்டு வெளியே வர ரொம்ப நேரம் ஆனது.

அங்கிருந்து கிளம்பி மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது, அம்மாவின் இ-பைக் பேட்டரி செத்துவிட்டது. வாடகைக்குக் கொடுத்தவர்கள் நாள் முழுக்க வரும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், முந்தின இரவு முழுசாக சார்ஜும் போட்டிருந்தோம். பழைய பேட்டரியைத் தலையில் கட்டிவிட்டார்கள். வயதானவர்களுக்கு வண்டி கொடுக்கும்போது இந்த அலட்சியம் கூடாது, எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதுவும் பாதையிலேயே உயரமான இடத்துக்கு, 618 மீட்டருக்கு, ஏறவேண்டிய நேரம். எதிர்காற்று வேறு. போன் செய்து வண்டியை வரச்சொல்கிறேன் என்றேன். அம்மா கேட்கவில்லை. கியரைக் குறைத்து, அந்தக் கனமான வண்டியை மெல்ல மெல்ல மிதித்தார். ஐந்து நிமிஷம் மிதிப்பார், நிற்பார், மறுபடி மிதிப்பார். உச்சியில் உயரத்தைக் குறித்த பலகை வந்ததும் அதைக் கையால் தட்டினார். 50க்கு 1 என்ற அந்தக் கணக்கு இல்லாமல் இது முடிந்திருக்காது.

இறக்கத்தில் வெடர்பர்ன். அங்கே ஒரு பச்சைத் தகரக் கூட்ஸ் ஷெட் தனியாக நிற்கிறது, பின்னால் வெறும் மலையும் வானமும். நியூசிலாந்து ஓவியர் கிரகாம் சிட்னி அதை வரைந்ததால் நாடெங்கும் தெரிந்த ஷெட். ரயில் நின்றதும் அதையும் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஊர்க்காரர்கள் விடாமல் திரும்பக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். ஒரு தகர ஷெட்டுக்கு இவ்வளவா என்று கேட்கலாம். அதைப் பார்த்தால் கேட்க மாட்டீர்கள்.

அன்றிரவு தங்கிய விடுதியை நடத்தும் அம்மா, என் அம்மாவுக்காகத் தனியாக உருளைக்கிழங்கும் பட்டாணியும் சமைத்துக் கொடுத்தார். சைக்கிள்காரர்கள் வரவில்லையென்றால் இந்த வீட்டை எப்போதோ பூட்டியிருப்பேன் என்றார். காரில் வருகிறவன் இந்த ஊர்களை மணிக்கு 100 கிலோமீட்டரில் தாண்டிப்போவான். சைக்கிளில் வருகிறவனுக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும், இருட்டினால் படுக்க இடம் வேண்டும். அவன் கையிலிருக்கும் காசு பத்து ஊர்களில் இறங்கும். 2009இல் நியூசிலாந்து அரசு நாடு முழுக்க சைக்கிள் பாதைகள் போட 5 கோடி டாலர் ஒதுக்கியபோது, இந்தப் பாதை செய்துகாட்டியதுதான் அவர்கள் கண்முன் இருந்தது. அதனால் இதை ஒன்றரை நாளில் முடித்தேன், இரண்டு நாளில் முடித்தேன் என்று படம் போடுகிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: கூட இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் ஊராக நின்று ஒரு காபியாவது குடியுங்கள்.

மூன்றாம் நாள் ரான்ஃபர்லி தாண்டி சமவெளி, காற்று, ஆடுகள். மாற்று பேட்டரி வந்து சேர்ந்திருந்தது. நான்காம் நாள் ஹைட் என்ற ஊருக்கு அப்பால் ஒரு கல் நினைவுச்சின்னம். 1943 ஜூன் 4ஆம் தேதி, குரோம்வெல்லிலிருந்து டனீடன் போன ரயில் ஒரு வளைவில் அதிவேகமாகத் திரும்பித் தடம் புரண்டு 21 பேர் இறந்தார்கள். நானும் அம்மாவும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றோம்.

மிடில்மார்ச்சில் பாதை முடிகிறது, தண்டவாளம் தொடங்குகிறது. அங்கிருந்து டனீடன் பக்கம் போகும் பகுதியை டனீடன் மாநகர சபை வாங்கியதால் அது பிடுங்கப்படாமல் தப்பியது. மேற்குக் கோடியில் நடந்தது வேறு. கிளைட்டுக்கும் குரோம்வெல்லுக்கும் நடுவே ஓடிய பழைய ரயில் பாதை அணை கட்டியபின் டன்ஸ்டன் ஏரிக்குள் போய்விட்டது. 2021இல் அங்கே புதிதாக சைக்கிள் பாதை திறந்தபோது, செங்குத்துப் பாறையில் இரும்பு அடித்து, தண்ணீருக்கு மேலே பாலங்களைத் தொங்கவிடவேண்டி வந்தது. அழகுதான். ஆனால் கையில் இருந்த தடத்தில் ஜல்லி பரப்பின செலவையும், இல்லாத தடத்தை மலையில் தொங்கவிட்ட செலவையும் நினைத்துப் பாருங்கள்.

மிடில்மார்ச் ஸ்டேஷனில் சைக்கிள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், அம்மா தண்டவாளத்துக்கு நடுவே ஸ்லீப்பர் கட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். என் போனை வாங்கி, மேப்பில் ஆக்கூரைத் தேடச் சொன்னார். சேட்டிலைட் படத்தைப் பெரிதாக்கி, வயல்களுக்கு நடுவே விரலை நகர்த்திக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்கதான்டா நிப்போம். காலைல வண்டிக்கு" என்றார்.