வரத்துக்கால் அடைபட்டுக் கிடக்க, ஏரியைத் தோண்டி என்ன பயன்?

சித்திரை பிறந்தால் வேலூர், ராணிப்பேட்டை ஏரிகளில் பொக்லைன் இறங்கிவிடுகிறது. ஏரி ஆழமாகுது என்று ஊரே சந்தோஷப்படுகிறது. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால். அதில் சீமைக்கருவேலம் மண்டி, ரோட்டுக்கு அடியில் போட்ட ஒற்றைச் சிமென்ட் குழாயும் மண்ணடைத்துக் கிடந்தால் எவ்வளவு தோண்டினாலும் ஏரி நிரம்பாது. காவேரிப்பாக்கம் போல பாலாற்று அணைக்கட்டுக் கால்வாயை நம்பிய ஏரிகளுக்கு இது இன்னும் முக்கியம். ஆற்றில் வெள்ளம் போவது சில நாள்தான். அந்தச் சில நாளில் கால்வாய் அடைபட்டிருந்தால் தண்ணீர் நேரே கடலுக்கு.

கரையை ஒட்டித் தோண்டவே கூடாது. லாரி நிறுத்த வசதி என்று அங்கேதான் தோண்டுகிறார்கள்! கரையின் காலுக்குத் தாங்கல் போய்விடும். ஏரி நிரம்பியதும் அடியில் கசிந்து கரை சரியும். கரை உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளித்தான் கை வைக்க வேண்டும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. மாடு குடிக்கும், கிணறு ஊறும், அதுவும் தேவைதான். ஆனால் அதைப் பாசனக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1 யூனிட், அதாவது 100 கன அடி மண் எடுத்தால் கூடுவது சுமார் 2,830 லிட்டர். போன லாரிகளை எண்ணி யார் வேண்டுமானாலும் பெருக்கிப் பார்க்கலாம்.

கரைமேல் இருக்கும் கருவேலத்தை வேரோடு பிடுங்கினால் குழியை அப்படியே விடக்கூடாது. களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, நனைத்து, திமிசால் அடித்து இறுக்க வேண்டும்.

ஏரி வண்டல் செம்மண் நிலத்துக்கும் மணல்சாரி நிலத்துக்கும் நல்ல மருந்து. ஒரு ஏக்கரில் 1 செ.மீ. கனத்துக்குப் பரப்ப சுமார் 14 யூனிட் பிடிக்கும். தோண்டும்போது மொரம்பு, அதாவது கெட்டியான சரளை மண், தட்டினால் நிறுத்திவிடுங்கள். அதற்குக் கீழே எடுப்பது வயலுக்கு அல்ல, கட்டட வேலைக்கு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த ஏரி என்றால் சோதிக்காமல் ஒரு கூடைகூட வயலில் கொட்டாதீர்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன மாசு இது. வழக்கமான மண் பரிசோதனையில் உப்பு தெரியும், குரோமியம் தெரியாது. அதைத் தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும்.

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலங்கல்மேல் மணல்மூட்டை அடுக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். மேல் ஏரி கோடி போனால்தான், அதாவது நிரம்பி வழிந்தால்தான், கீழ் ஏரிக்கு வரத்து. மூட்டை வைத்து ஓரடி உயர்த்தினால் ஏரியின் தண்ணீர் தேங்கும் பக்கத்தை ஒட்டிய உள்வாய் நிலங்கள் மூழ்கும், கரைக்கும் பாரம் கூடும். அந்தக் கரை உடைந்தால் வெள்ளம் கீழ் ஏரியின் கரையையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும். ஐப்பசி மழைக்கு முன்பே ஏரிப் பாசனம் பெறும் இரண்டு ஊர் ஆயக்கட்டுக்காரர்களும் சேர்ந்து கோடிக்கால்வாயை ஒரு நடை நடந்து பார்த்து, அடைப்பை எடுத்துவிடுங்கள்.