முதலில் எங்களை மாணவராக உட்கார வையுங்கள்

ஆன்லைனில் பாடம் நடத்தும் கல்லூரி ஆசிரியர்களுக்கு மறுபடியும் ஒரு பயிற்சி அறிவிப்பு வந்திருக்கிறது. மூன்று மணி நேரம், கடைசியில் சான்றிதழ். நிகழ்ச்சி நிரலைப் படித்துப் பார்த்தேன். திரையைப் பகிர்வது, வினாடி வினா தயாரிப்பது, வருகைப் பதிவை இறக்கிக்கொள்வது, அப்புறம் புதிதாக வந்த ஏஐ கருவிகள் நான்கு. இதே மாதிரி எட்டுப் பயிற்சிகளில் உட்கார்ந்து எழுந்துவிட்டேன். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று எல்லாவற்றிலும் சொல்லிக்கொடுத்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாணவர் என்ன பாடுபடுகிறார் என்று ஒன்றிலும் பேசவில்லை.

எனக்கு அது புரிந்தது வேறு வழியில். சில வருடங்களுக்கு முன் நானே பணம் கட்டி ஒரு நான்கு வார ஆன்லைன் வகுப்பில் மாணவியாகச் சேர்ந்தேன். முதல் வார அசைன்மென்ட்டை ஞாயிறு இரவு பதினொன்றே முக்காலுக்குப் பதிவேற்றினேன். இரண்டு நாள் உழைப்பு அது. மறுநாள் காலையில் எழுந்ததும் கைபேசியை எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. மாலையில் பார்த்தேன், அப்போதும் இல்லை. மூன்றாம் நாள், ஒழுங்காகப் பதிவேறியதா என்று திரும்பப் போய்ச் சரிபார்த்தேன். ஐந்தாம் நாள், நான் எழுதியது அவ்வளவு மோசமா என்று மனம் குமைய ஆரம்பித்தது. ஒன்பதாம் நாள் 10க்கு 7 என்று மதிப்பெண் வந்தது. பக்கத்தில் ஒரே சொல், 'நன்று'. அந்த மூன்று மதிப்பெண் எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டாவது அசைன்மென்ட்டை நான் எழுதவே இல்லை.

அந்த வாரக் கடைசியில் என்னுடைய சொந்த ஆன்லைன் வகுப்பைத் திறந்தேன். நான் நடத்துவது புள்ளியியல், மாணவர்கள் 62 பேர். அவர்களுடைய அசைன்மென்ட்டுகள் பதினோரு நாளாகத் திருத்தாமல் கிடந்தன. அன்றைக்கு நெஞ்சில் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது. வகுப்பறையில் என்றால் வராந்தாவில் வழிமறித்து, "மேம், எங்க பேப்பர் எப்போ தருவீங்க?" என்று கேட்டிருப்பார்கள். ஆன்லைனில் கேட்கமாட்டார்கள். சத்தமில்லாமல் விலகிப் போய்விடுவார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். ஆன்லைனில் பாடம் எடுக்கப்போகும் ஒவ்வொரு ஆசிரியரையும் முதலில் ஒரு முழு ஆன்லைன் வகுப்பில் மாணவராக உட்கார வைக்க வேண்டும். அரை நாள் பட்டறை போதாது. குறைந்தது நான்கு வாரம், டெட்லைனும் மதிப்பெண்ணும் குழு வேலையும் உள்ள வகுப்பு. அதுவும் வீட்டு வேலை, கல்லூரி வேலை எல்லாவற்றுக்கும் நடுவில். அப்புறம்தான் கருவிகளுக்கு வர வேண்டும். கருவியைக் கற்றுக்கொள்ள ஒரு மதியம் போதும்.

பெருந்தொற்றுக் காலத்தில் எல்லோரும் ஒரே வாரத்தில் ஆன்லைனுக்கு மாறினோம் அல்லவா, அந்த அனுபவத்தையே ஆன்லைன் கல்வி என்று நினைத்துவிட்டோம். 2020 மார்ச்சில் சார்லஸ் ஹாட்ஜஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். நெருக்கடியில் அவசரமாகத் தொலைவிலிருந்து பாடம் நடத்துவது வேறு, திட்டமிட்டு வடிவமைத்த ஆன்லைன் கல்வி வேறு என்று அதில் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். முழுக்க ஆன்லைனில் நடக்கும் ஒரு பல்கலைக்கழகப் பாடத்தைத் தயாரிக்க வழக்கமாக ஆறிலிருந்து ஒன்பது மாதம் ஆகும் என்றும், அதே பாடத்தை இரண்டாவது, மூன்றாவது முறை நடத்தும்போதுதான் ஆசிரியருக்குக் கை பழகும் என்றும் எழுதியிருந்தார்கள். ஆறு மாத வேலைக்கு நாம் ஒதுக்குவது மூன்று மணி நேரம்.

விவாதப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 'சராசரி, இடைநிலை அளவு இரண்டில் எது சிறந்தது? உங்கள் கருத்தைப் பதிவிடுக' என்று நான் பல பருவங்கள் கேட்டிருக்கிறேன். எண்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவதுதான் இடைநிலை அளவு. முதல் இரண்டு பேர் புத்தகத்தில் உள்ளதை எழுதுவார்கள். மீதிப் பேர் 'நானும் இதையே சொல்கிறேன்' என்று போட்டுவிட்டுப் போவார்கள். மாணவர்களுக்கு அக்கறை இல்லை என்று அப்போது நினைத்தேன். அந்த நான்கு வார வகுப்பில் அப்படி ஒரு கேள்வி எனக்கே வந்தபோது, நானும் அதையேதான் செய்தேன். சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லாத கேள்வி அது. பதில் முதல் ஆளோடு முடிந்துவிடுகிறது.

வந்ததும் கேள்வியை மாற்றினேன். கடந்த ஏழு நாளில் தினமும் எத்தனை நிமிடம் கைபேசி பார்த்தீர்கள் என்று குறியுங்கள். சராசரியும் இடைநிலையும் கணக்கிடுங்கள். உங்களை உண்மையாகக் காட்டுவது எது, ஏன் என்று எழுதுங்கள். உங்களுக்கு எதிரான முடிவுக்கு வந்த ஒருவரைத் தேடிப் பதில் சொல்லுங்கள். ஒரு மாணவி, பயணத்தில் இருந்த ஒரே ஒரு நாள் தன் சராசரியைத் தூக்கிவிட்டது, அதனால் இடைநிலைதான் நியாயம் என்று எழுதினாள். இன்னொரு மாணவர், "அந்த ஒரு நாளும் உன் வாழ்க்கைதானே, அதை ஏன் மறைக்கிறே?" என்று கேட்டார். வகுப்பறையில் பல வருடம் நடத்தியும் எனக்குக் கிடைக்காத விவாதம் அது. பயிற்சியில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான். கேள்வி எழுதுவது ஒரு கைத்திறன். நாலு பேர் உட்கார்ந்து ஒருவர் கேள்வியை இன்னொருவர் திருத்தினால் ஒரே நாளில் முன்னேற்றம் தெரியும்.

வீடியோ விஷயமும் அப்படித்தான். வகுப்பில் ஐம்பது நிமிடம் பேசுகிறோம் என்பதற்காக ஐம்பது நிமிடத்தையும் அப்படியே பதிவு செய்து போட்டுவிடுகிறோம். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் கல்வித் தளத்தின் வகுப்புகளில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை பிலிப் குவோ குழுவினர் அலசி 2014ல் வெளியிட்டார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்த்த நேரத்தின் இடைநிலை 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஸ்டுடியோவில் பெரும் செலவில் எடுத்ததைவிட, ஆசிரியர் தன் மேசையில் உட்கார்ந்து நேராகப் பேசியதை மாணவர்கள் கூடுதல் ஈடுபாட்டோடு பார்த்தார்கள் என்பதும் அதில் வந்த முடிவு. இது ஆசிரியர்களுக்கு நல்ல செய்தி. விலை உயர்ந்த கேமரா தேவையில்லை, பாடத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கத் தெரிந்தால் போதும். அந்தப் பிரிக்கும் வேலைதான் கடினம். எங்கே நிறுத்துவது, நிறுத்தியதும் என்ன செய்யச் சொல்வது என்று ஒவ்வொரு இடத்திலும் யோசிக்க வேண்டும். இதற்குப் பயிற்சி வேண்டும், அதைவிட நேரம் வேண்டும்.

நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆன்லைனுக்கு மாற்றப்போகும் பருவத்தில் ஆசிரியருக்கு ஒரு பாடத்தையாவது குறைத்துக் கொடுங்கள். பகுதிநேரமாகவும் ஒப்பந்தத்திலும் வேலை செய்பவர்களைப் பயிற்சிக்கு அழைத்தால் அந்த மணி நேரங்களுக்கும் சம்பளம் கொடுங்கள். பல இடங்களில் ஆன்லைன் பாடங்களைச் சுமப்பது அவர்கள்தான், பயிற்சிப் பட்டியலில் விடுபடுவதும் அவர்கள்தான். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

பயிற்சி முடிந்த பிறகும் ஆசிரியரைத் தனியாக விட்டுவிடக் கூடாது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969ல் தொடங்கியது. அங்கே ட்யூட்டர் மாணவருக்கு எழுதும் குறிப்புகளையே இன்னொரு அனுபவசாலி எடுத்துப் படித்து, ட்யூட்டருக்குக் கருத்துச் சொல்லும் முறை உண்டு. எனக்கு இதைவிடப் பிடித்த பயிற்சி வேறில்லை. நம் குறிப்பை இன்னொருவர் படிக்கிறார் என்றாலே 'நன்று' என்று ஒற்றைச் சொல் எழுதக் கை வராது. அமெரிக்காவின் மேரிலாந்தில் பிறந்த 'குவாலிட்டி மேட்டர்ஸ்' முறையில் சக ஆசிரியர்கள் ஒரு பாடத்தின் வடிவமைப்பை அளவுகோல் வைத்துப் பார்க்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது வடிவமைப்பை மட்டும் பார்க்கும். பாடம் ஓடும்போது ஆசிரியர் அங்கே இருக்கிறாரா என்பதைப் பார்க்காது. இரண்டும் சேர்ந்தால்தான் பயன்.

எங்கள் துறையில் இதைச் சிறிய அளவில் செய்து பார்க்கிறோம். யாருடைய உத்தரவும் இல்லை. ஒருவர் பாடத்தில் இன்னொருவர் மாணவர் கணக்கில் நுழைந்து, ஒரு வாரம் கைபேசியில் மட்டும் படித்துப் பார்க்க வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டோம். போன வாரம் என் முறை. என் பாடத்தில் நுழைந்த சக ஆசிரியர் வெள்ளிக்கிழமை மாலை கூப்பிட்டார்.

"மேடம், பாடம் நல்லா இருக்கு. ஆனா முதல் அசைன்மென்ட் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கவே எனக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆச்சு. உங்க அட்டவணை கைபேசியில பாதிதான் தெரியுது."

நான்கு பருவமாக அதே பக்கத்தைத்தான் மாணவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்று இரவே அட்டவணையை எடுத்துவிட்டு, அந்த வாரம் செய்ய வேண்டிய மூன்று வேலைகளை மூன்று வரியாக மேலே போட்டேன். வருகிற திங்கள்கிழமை அவருடைய பாடத்தில் நான் நுழைகிறேன்.