நின்றுகொண்டிருந்த கார் பின்னோக்கி வந்த கதை

வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பந்தியில் போய் உட்கார்ந்த ஒருவனின் கார், அவன் பாயசத்துக்குக் காத்திருந்த நேரத்தில் தானாகவே பின்னோக்கி நகர்ந்து இன்னொரு கார் மீது மோதியது என்று ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஒருவன் நான்தான். அந்த ஒரு வரியைத் திருத்தச் சொல்லி ஐந்து மாதங்களாக நடையாய் நடக்கிறேன். திருத்துவதற்கு யாருக்கும் அதிகாரம் இல்லையாம். எழுதுவதற்கு மட்டும் யார் யாருக்கோ இருந்திருக்கிறது.

எனக்கு ஊர் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரம். ஆட்சி கேரளத்துடையது, வீட்டிலும் கடைத்தெருவிலும் பேச்சு தமிழ், பெண் கொடுப்பதும் எடுப்பதும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம். ஆகவே முகூர்த்த மாதம் வந்துவிட்டால் கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போவதும் வருவதுமாகவே இருப்போம். சென்ற ஆவணியில் என் மனைவியின் பெரியப்பா பேத்திக்குப் பொள்ளாச்சிக்கு அருகே ஒரு மண்டபத்தில் கல்யாணம். மண்டபத்தின் பின்புறக் காலியிடத்தில், காவலாளி கைகாட்டிய இடத்தில், காரின் முகம் மதிலைப் பார்த்திருக்கும்படி நிறுத்திவிட்டு உள்ளே போனேன். முக்கால் மணி நேரம் கழித்து நாதஸ்வரத்தை நிறுத்திவிட்டு மைக்கில் என் வண்டி எண்ணை வாசித்தார்கள்.

போய்ப் பார்த்தால் பின்பக்க பம்பரின் வலது மூலை நசுங்கி, டெயில் லைட் உடைந்து, அதற்கு மேலே பெயின்ட் உரிந்து கிடந்தது. பக்கத்திலேயே டிஎன் 41 பதிவெண் கொண்ட பெரிய வண்டி ஒன்றும், அதன் உரிமையாளரான மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர் ஒருவரும். மனிதர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, ரிவர்ஸ் எடுக்கறப்போ கவனிக்கலீங்க, தப்பு நம்முளுதுதானுங்க, எவ்வளவு ஆனாலும் பாத்துக்கலாமுங்க." கல்யாண வீட்டில், அதுவும் சம்பந்தி வீட்டாரிடம், இதற்கு மேல் என்ன பேசுவது? என் வண்டியின் அடிபட்ட மூலையை மட்டும் இரண்டு படம் எடுத்தேன். இரண்டு வண்டிகளும் நின்ற நிலையைச் சேர்த்து ஒரு படம் எடுக்கத் தோன்றாமல் போன என் புத்தியை இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் நாள் போன் செய்தபோது அதே மனிதர், அதே மரியாதையோடு, "நீங்களும் ரிவர்ஸ்லதானுங்களே வந்தீங்க, அவங்கவங்க இன்சூரன்ஸ்ல பாத்துக்கறதுதானுங்க முறை" என்றார். இந்தப் பாடத்தை இரண்டு நாட்களுக்குள் அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிவு தேவையில்லை.

சரி, நம் பாலிசி எதற்கு இருக்கிறது என்று வண்டியை ஒர்க் ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். அங்கேதான் அந்த வரி பிறந்தது. இன்சூரன்ஸ் மேசையில் இருந்த பையன் கிளெய்ம் படிவத்தை என் முன்னால் வைத்து, பெருக்கல் குறி போட்டிருந்த மூன்று இடங்களில் கையெழுத்து போடுங்கள் சார், மற்றதை நாங்கள் நிரப்பிக்கொள்கிறோம் என்றான். போட்டேன். விபத்து நடந்த விதம் என்னும் கட்டத்தில் அவன் தன் பழக்கப்படி, பின்னோக்கி எடுக்கும்போது வேறொரு வாகனத்துடன் மோதல் என்று எழுதி அனுப்பிவிட்டான். ஏன் அப்படி எழுதினாய் என்று பிறகு கேட்டபோது, பின் பம்பர் அடிபட்டால் அப்படித்தான் சார் எழுதுவோம், அப்போதுதான் சீக்கிரம் பாஸ் ஆகும் என்று வெள்ளந்தியாகச் சொன்னான். அவன் மீது எனக்குப் பெரிய கோபமில்லை. வண்டியை நேரில் வந்துகூடப் பார்க்காமல், வாட்ஸ்அப்பில் போன படங்களைப் பார்த்து, அந்த வரியை அப்படியே தன் அறிக்கைக்குள் இறக்கிக்கொண்ட, சேதத்தை மதிப்பிட வேண்டிய சர்வேயர் மீதுதான் கோபம். நசுங்கல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எந்த உயரத்தில் இருக்கிறது, எதிர் வண்டியின் பம்பர் உயரம் என்ன என்று பார்ப்பதற்குத்தானே அவருக்கு உரிமம் கொடுத்திருக்கிறார்கள்?

திருத்தம் கேட்டு என் காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "ஜிடி என்ட்ரி உண்டோ?" என்று கேட்டார். கேரளத்தில் வண்டி எங்கே உரசினாலும் காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிந்து அதன் நகலை வாங்கிவிடுவது வழக்கம். இப்போது போலீசாரின் செயலியிலேயே அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் என் வண்டி அடிபட்டது எல்லைக்கு அந்தப் பக்கம். தமிழ்நாட்டில் அதற்குச் சமமாகக் கிடைப்பது, புகாரைப் பதிந்துகொண்டதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீது. அதை வாங்க அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கு இரண்டு தடவை போனேன். யாருக்கும் காயம் இல்லை, பேசி முடித்துக்கொள்ளுங்கள், கேரள வண்டி என்றால் அங்கேயே கொடுங்கள் என்று முதல் தடவை அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போன பிறகு ரசீது கிடைத்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், இது தமிழில் இருக்கிறது, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்தோடு தாருங்கள் என்றார்கள். பாலிசியை விற்கும்போது தமிழில் பேசினார்கள், கஸ்டமர் கேர் எண்ணில் தமிழுக்கு ஐந்தை அழுத்தச் சொல்கிறார்கள், பிரீமியத்தை எந்த மொழியில் கட்டினாலும் வாங்கிக்கொள்கிறார்கள். கேள்வி கேட்கும் நாளில் மட்டும் நம் மொழி வாசிக்க முடியாத மொழியாகிவிடுகிறது. நோட்டரிக்கும் மொழிபெயர்ப்புக்கும் சேர்த்து 600 ரூபாய் கொடுத்தேன். கடைசியில், ரசீதில் நீங்கள் சொன்னதைத்தான் போலீஸ் எழுதியிருக்கிறது, யார் மீது தப்பு என்று எழுதவில்லையே என்று அதையும் ஓரமாக வைத்துவிட்டார்கள்.

மண்டபத்துக் கேமரா? கேட்காமல் இருப்பேனா. போலீஸ் கடிதம் இருந்தால்தான் காட்டுவோம் என்றார்கள். கடிதத்தோடு போன நாளில் பழைய பதிவு அழிந்துவிட்டது என்றார்கள். வண்டியை நிறுத்தியபோது கொடுத்திருந்த டோக்கனைத் திருப்பிப் பார்த்தேன். வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று அச்சடித்திருந்தது.

இனிமேல் நான் சொல்லப்போகும் கணக்குதான் என்னை உண்மையில் கொதிக்க வைத்தது. எங்கள் ஏஜென்ட் பையன், ஊர்க்காரன்தான், "விடுங்கண்ணா, நாக் ஃபார் நாக்னு ஒண்ணு இருக்கு, அவங்க வண்டிக்கு அவங்க கம்பெனி, நம்ம வண்டிக்கு நம்ம கம்பெனி, யாரு தப்புனு பாக்கவே வேண்டியதில்லீங்ண்ணா" என்று ஆறுதல் சொன்னான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஒர்க் ஷாப் மதிப்பீடு வரி உட்பட 15,100 ரூபாய்: பம்பர் 5,200, டெயில் லைட் 3,900, பெயின்ட் 4,800, கூலி 1,200. பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம் என்பதால் பம்பரில் 2,600, விளக்கில் 1,950 போயிற்று. பெயின்ட் செலவில் கால் பங்கைப் பொருளின் விலையாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். அதில் 600 போயிற்று. 1,500 சிசிக்கு உட்பட்ட காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. ஆக, நிறுவனம் தருவது 8,950 ரூபாய். மிச்சம் 6,150 என் பையிலிருந்து. தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர் காப்பீடு எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நின்ற வண்டியை அடுத்தவர் இடித்தால் அதற்கும் நான்தான் கூடுதல் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும் என்பதுதானே அந்தக் கேள்வியின் பொருள்?

இத்தோடு முடியவில்லை. நான்கு ஆண்டுகள் ஒரு கிளெய்ம்கூடக் கேட்காததால் பிரீமியத்தில் எனக்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் 45 சதவீதத்தில் இருக்கிறது. அடுத்த புதுப்பிப்பில் அது உச்சமான 50 சதவீதத்தைத் தொட்டிருக்கும். இந்த 8,950 ரூபாயை வாங்கினால் அது பூஜ்ஜியத்துக்கு இறங்கி, பிறகு 20, 25, 35, 45 என்று மறுபடியும் படியேற வேண்டும். என் வண்டிக்குச் சொந்தச் சேதப் பிரீமியம் தள்ளுபடிக்கு முன்னால் சுமார் 9,000 ரூபாய். அது மாறாது என்று வைத்துக்கொண்டால், முதல் ஆண்டு 4,500, அடுத்த ஆண்டு 2,700, பிறகு 2,250, 1,350, 450 என்று ஐந்தாண்டுகளில் நான் இழப்பது 11,250 ரூபாய். வண்டி பழசாக ஆகப் பிரீமியம் குறையும், ஆகவே ஆயிரம் இரண்டாயிரம் முன்பின் இருக்கலாம். ஆனாலும் எனக்குக் கொடுக்கும் பணத்தை என்னிடமே தவணையில் வசூலித்துக்கொள்கிற இந்த ஏற்பாட்டுக்கு இழப்பீடு என்று பெயர் வைத்தவர் யாரோ! தப்பு யாருடையது என்று பார்க்கவே வேண்டியதில்லை என்று இவர்கள் சொல்வதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பார்த்தால் ஒருவர் கொடுக்க வேண்டிவரும். பார்க்காவிட்டால் இடித்தவர், இடிபட்டவர் இருவருமே கொடுப்பார்கள்.

ஆகவே என் கிளெய்மை எழுத்து மூலம் திரும்பப் பெற்றுக்கொண்டு எதிர் வண்டியின் நிறுவனத்தைத் தேடிப் போனேன். மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்துக்குத் தனியார் காரின் பாலிசியில் 7.5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பு உண்டு; நான் கேட்டது 15,100. நேரடியாகத் தர முடியாது, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டு உத்தரவு வாங்கி வாருங்கள் என்றார்கள். மனுவை நான் வசிக்கும் ஊரின் எல்லைக்குள்ளேயே போடலாம் என்பது சட்டம் தந்திருக்கும் சலுகை. ஆனால் உடைந்த விளக்குக்காக வக்கீல் வைத்து, உயிரையும் கைகாலையும் இழந்தவர்களின் வழக்குகள் காத்திருக்கும் வரிசையில் போய் நிற்க எனக்கே கூச்சமாக இருந்தது. அப்படியே நின்றாலும் அங்கே முதலில் எடுத்து நீட்டுவார்கள் அந்த வரியை: உங்கள் கையெழுத்துள்ள படிவத்திலேயே பின்னோக்கி எடுத்தேன் என்று இருக்கிறதே! இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. அந்த நிறுவனத்தின் பதில் கடிதத்தில் அந்த வரி மேற்கோள் குறிக்குள் இருந்தது. என் நிறுவனத்துக்கு நான் எழுதிக்கொடுத்தது அடுத்த நிறுவனத்தின் மேசைக்கு எப்படிப் போனது என்று கேட்டேன், பதிலில்லை. ஒன்றின் வண்டி இடித்தாலும் ஒன்றின் வண்டி இடிபட்டாலும் மாமன் மச்சான்களைப் போலத் தகவல் மட்டும் அவர்களுக்குள் தாராளமாகப் போய் வருகிறது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகார் பதிந்தேன். அது சுற்றிக்கொண்டு என் நிறுவனத்துக்கே வந்து, தீர்க்கப்பட்டது என்ற குறிப்போடு மூடப்பட்டது. எர்ணாகுளத்தில் இருக்கும், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அதற்கு முதலில் நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், காத்திருந்தேன். அவர் விசாரிக்கக்கூடியது என் நிறுவனத்தைத்தான், இடித்தவரின் நிறுவனத்தை அல்ல. பரவாயில்லை, எனக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான் என்று மனுவைத் தயார்செய்து வைத்திருக்கிறேன். டெயில் லைட்டை என் காசில் மாற்றிவிட்டேன். பம்பர் கட்டுக்கம்பியில் நிற்கிறது. ஆம்புட்ஸ்மேன் ஆள் அனுப்பி அளந்து பார்க்கச் சொன்னால் காட்டுவதற்கு வேறென்ன சாட்சி எனக்கு இருக்கிறது?

போன வாரம் புதுப்பிப்பு அறிவிப்பு வந்தது. ஒரு ரூபாய்கூட வாங்காத எனக்கு நோ கிளெய்ம் போனஸ் பூஜ்ஜியம். கிளெய்ம் பதிவாகியிருக்கிறது, பணம் வாங்கியதா இல்லையா என்பதை சிஸ்டம் பார்க்காது என்று விளக்கம். கட்டாமல் வைத்திருந்து சண்டை போடலாம் என்றால், பாலிசி முடிந்து 90 நாட்கள் ஆனால் இருக்கும் போனஸும் தானாகவே போய்விடும். அதற்கு முன்பே, மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியை எடுத்தால் வழியில் பிடித்து அபராதம் போடுவார்கள். நேற்று ஏஜென்ட் பையன் போன் செய்தான். "இந்தத் தடவை பம்பர் டு பம்பர் சேர்த்துரலாமுங்களாண்ணா?" என்றான். முதலில் அந்தப் பின்னோக்கி என்பதை எடுத்துவிட்டு வா என்றேன். "அது வேற டிபார்ட்மெண்ட்டுங்ண்ணா" என்றான். பாலிசி முடிய இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன.