வாரக் கோட்பாடும் தாத்தாவின் பட்டாவும்

இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோவின் வாரக் கோட்பாட்டை, அதாவது நிலத்துக்குக் கிடைக்கும் வாடகை பற்றிய கோட்பாட்டை, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்துதான் தேறினோம். அந்தக் கோட்பாடு நம் ஊர் வரப்பு வரைக்கும் வந்து உழுகிறவர் மடியில் கை வைத்த கதையை யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு அது பெரிய ஆதங்கம்.

1815-இல் இங்கிலாந்தில் தானியச் சட்டம் வந்தது. உள்ளூர்க் கோதுமை ஒரு குவார்ட்டர் (அந்தக் காலத்துத் தானிய அளவு) 80 ஷில்லிங்கைத் தொடும்வரை வெளிநாட்டுக் கோதுமையை விற்கக் கூடாது. நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் நிலக்காரர்கள், அப்புறம் வேறென்ன சட்டம் வரும்? ரிக்கார்டோ அதை எதிர்த்தார். நல்ல நிலம் தீர்ந்ததும் சுமாரான நிலத்தையும் உழ வேண்டிவரும். அங்கே செலவு அதிகம், அந்தச் செலவுக்குத் தக்கபடி தானிய விலை ஏறும். நல்ல நிலத்தில் செலவு அப்படியேதான் இருக்கும், ஆனால் விற்கிற விலை கூடிவிடும். அந்த வித்தியாசம்தான் வாரம். நிலக்காரர் விரலைக்கூட அசைக்காமல் அது அவருக்குப் போய்ச் சேரும். தானியம் விலை ஏறினால் கூலியை ஏற்றியாக வேண்டும், முதலாளியின் லாபம் தேயும், முதலீடு குறையும், கடைசியில் வளர்ச்சியே நின்றுபோகும். விளைந்தது யாருக்கு எவ்வளவு பங்காகிறது என்பதே பொருளாதாரத் துறையின் முதன்மையான கேள்வி என்று 1817-இல் தன் நூலின் முன்னுரையிலேயே எழுதினார். அவரே இங்கிலாந்தின் கேட்கோம்பில் எஸ்டேட் வைத்திருந்தவர். தன் வருமானத்துக்கு எதிராகவே வாதாடிய மனிதர், அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். சட்டம் ரத்தானது 1846-இல், அவர் இறந்து 23 வருடம் கழித்து.

அவரை எழுதச் சொல்லி விடாமல் நச்சரித்த நண்பர் ஜேம்ஸ் மில், 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வாரம் உழைக்காமல் வருகிற உபரி, அதை அரசு எடுத்துக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை, இந்தியாவில் அரசுதானே நிலக்காரர் என்பது அவர் வாதம். இடைத்தரகர் இல்லாமல் குடியானவரிடமே அரசு நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையைக் கம்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் பாரமகாலில் (இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) அதற்கு முன்பே தொடங்கிவிட்டார்கள். மில் அதற்கு ஒரு கோட்பாட்டைத் துணைக்குக் கொடுத்தார்.

1864 வாக்கில் சென்னை மாகாணத்தில் நிகர விளைச்சலில் பாதிதான் தீர்வை, அதாவது நிலவரி, என்று விதி செய்தார்கள். நிகரம் எப்படி வந்தது? மண்ணைத் தரம் தரமாகப் பிரித்தார்கள். ஒரு ஏக்கருக்குச் சராசரி மகசூல், அதற்குச் சராசரி விலை, அதிலிருந்து சாகுபடிச் செலவு, மழை பொய்க்கும் வருடத்துக்காகக் கொஞ்சம் கழிவு. எல்லாம் காகிதக் கணக்கு. லேவாதேவிக்காரருக்குக் கட்டும் வட்டியை அந்தக் கணக்கில் யார் கழித்தார்கள்? ரிக்கார்டோ சொன்ன உபரி எல்லாச் செலவும் கூலியும் லாபமும் போக மிஞ்சுவது. இங்கே மிஞ்சுகிறதோ இல்லையோ, கிஸ்தி நாள், அதாவது வரித் தவணை நாள், வந்துவிடும், அதுவும் ரொக்கமாக. இங்கிலாந்தில் பண்ணையாரை நோக்கி நீட்டிய விரல், இங்கே நாலு ஏக்கர் குடியானவரை நோக்கித் திரும்பியது.

என் தாத்தா பெயரில் ஒரு பழைய பட்டா இருக்கிறது. புல எண், பரப்பு, பக்கத்திலேயே தீர்வை என்று ஒரு கட்டம். இன்று அதில் இருப்பது சில ரூபாய்தான், யாருக்கும் பாரமில்லை. ஆனால் ஊரை ஒட்டிப் புறவழிச்சாலை வந்தபிறகு அதே புல எண்ணுக்குப் பக்கத்து நிலமெல்லாம் மனைகளாகி விலை எங்கோ போய்விட்டது. ரிக்கார்டோ சொன்ன வாரம் இப்போது அங்கேதான் இருக்கிறது. சாலை போட்டது எல்லோருடைய வரிப்பணத்தில். தீப்பெட்டி வாங்கும்போதுகூட வரி கட்டுகிற கூலிக்காரருக்கும் அந்த விலையேற்றத்தில் பங்கு வரவேண்டும், மனை விற்கும்போதே அதற்கென்று தனி வரி பிடிக்கவேண்டும் என்று நான் கேட்கிறேன்.