'சில' எண்டா எத்தனை?

சனிக்கிழமை மாலை, வெள்ளவத்தையில் மாமாவின் கடையில் பில் போடும் மென்பொருள் ஒன்றை நிறுவப் போனேன். வழிகாட்டி தமிழில் இருந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், அதுவும் முதல் வரி வரைக்கும்தான்: "நிறுவலுக்குச் சில நிமிடங்கள் ஆகலாம்."

ஏழு மணிக்குத் தொடங்கினேன். எட்டே முக்காலாகியும் நீலக்கோடு பாதியில் நிற்கிறது. மாமா ஷட்டர் சாவியோடு பக்கத்தில் நிற்கிறார்.

"தம்பி, இன்னும் எவ்வளவு நேரமாம்?"

"சில நிமிஷமாம் மாமா."

"சில எண்டா எத்தனை?"

அதைத்தானய்யா நானும் கேட்கிறேன்!

கோடு நகர்ந்ததா? இல்லை. "போதிய இடம் இல்லை" என்று ஒரு பெட்டி வந்தது. டி டிரைவில் 100 ஜிபிக்கு மேல் காலி. நான் தெரிவு செய்ததும் டி தான். ஆனால் இந்த நிறுவிகள் முதலில் சுருக்கிய கோப்புகளை சி டிரைவின் தற்காலிக ஃபோல்டரில்தான் விரிக்கும். அங்கே 9 ஜிபி. சரி, எவ்வளவு வேண்டும்? 10ஆ? 40ஆ? சொல்லாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது இங்கேதான். போதாது என்று சொல்ல, உள்ளே ஏதோ ஓர் எண்ணோடு ஒப்பிட்டுத்தானே பார்த்திருக்கும்? தெரிந்த எண்ணை எதற்கு ஒளிப்பது?

கண்டதையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினால் அடுத்த கூத்து: "கணினி சில தடவை மீள்தொடங்கக்கூடும்." இரண்டு தரம் அணைந்து எழும்பியது. மூன்றாவது தரமும் அணைந்தபோது வயிறு கலங்கியது. வேலை ஒழுங்காக நடக்கிறதா, அல்லது செக்குமாடாகச் சுற்றுகிறதா? '3 தடவை' என்று எழுதியிருந்தால் நாலாவதில்தான் பயப்படுவேன். அதோடு, இடையில் நிறுத்தக் கூடாதாம். கடையில் யுபிஎஸ் கிடையாது. 2022இல் கரண்டை வெட்டியவர்கள்கூட எந்தப் பகுதிக்கு எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று அட்டவணை போட்டுத்தான் வெட்டினார்கள்.

"கணினிக்குக் கணினி வேகம் மாறும், எப்படி எண் சொல்வது?" என்பார்கள். எது மாறும் என்று சொல்லுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் இத்தனை முதல் இத்தனை நிமிடம், எஸ்எஸ்டி என்றால் இத்தனை. பதிவிறக்கமா? அளவை மட்டும் தாருங்கள். 3 ஜிபி என்றால் 10 எம்பிபிஎஸ் இணைப்பில் 40 நிமிடம் என்று நாங்களே கணக்குப் போட்டுக்கொள்வோம், இரவு டேட்டாவுக்காக நள்ளிரவுவரை பொறுத்திருப்பதா என்பதையும் முடிவு செய்வோம்.

இதில் மொழிபெயர்ப்பாளருக்கும் பங்குண்டு. ஆங்கிலத்தில் 'கப்பிள்', 'ஃபியூ', 'செவரல்' என்று எது இருந்தாலும் தமிழில் ஒரே 'சில'. ஓரிரு, இரண்டு மூன்று, நாலைந்து, பத்துப் பதினைந்து என்று உத்தேசத்தைக்கூட எண்ணோடு சொல்கிற மொழி இது. 320இல் ஒரு பங்குக்கு முந்திரி என்று பேர் வைத்தவர்கள் நாங்கள்!

முடியும்போது பத்து மணி தாண்டிவிட்டது. மாமா பேசாமல் ஒரு பில் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதி மொனிட்டரில் ஒட்டினார்: "சி டிரைவ் 15 ஜிபி வேணும். 3 தரம் நிண்டு எழும்பும். 1 மணி 20 நிமிஷம். தொடக்கூடாது."